ரஸ்ட்டா ஜிக்கா: தலைகுந்தா உறைபனிக்கு நான் எடுத்த கம்பைலர்

ஊட்டிய தாண்டி தலைகுந்தால சித்தப்பா உருளைக்கிழங்கு போட்டிருக்காரு. டிசம்பர், ஜனவரில உறைபனி விழுந்தா ஒரே ராத்திரில செடி கருகிடும், அதனால பள்ளத்துல ஒரு சென்சார் வச்சு 2 டிகிரிக்கு கீழ எறங்கினா அவருக்கு போன்ல அலாரம் அடிக்கிற மாதிரி ஒண்ணு எழுதலாம்னு 2022 டிசம்பர்ல உக்காந்தேன். கையில இருந்தது பழைய ராஸ்பெரி பை ஜீரோங்கற கையகல கம்ப்யூட்டர், 512 எம்பி மெமரி. இந்த சாக்குல புது மொழி ஒண்ணு கத்துக்கலாம்னு ஆசை. அதையே ரஸ்ட், ஜிக்ங்கற ரெண்டு புரோகிராமிங் மொழிலயும் எழுதிப் பாத்தேன், கடைசில ஜிக்தான் நின்னுச்சு.

மொழின்னு பாத்தா ரஸ்ட் ரொம்ப முன்னாடி இருக்கு. 2015 மே மாசமே 1.0, அதாவது மொத நிலையான வெர்ஷன் வந்தாச்சு, மெமரி தப்பை கம்பைலரே (கோடை மெஷின் ஓட்டற ஃபைலா மாத்தற புரோகிராம்) பிடிச்சுக் குடுக்கும், லைப்ரரி எக்கச்சக்கம். ஜிக் இன்னும் 1.0 தொடல. கோ-வும் இந்த வேலைக்கு தாராளமா போதும், ஆனா அது 2012லயே 1.0 ஆன மொழி, எனக்கு புதுசு இல்ல.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது கம்பைலர்தாங்க. ரஸ்ட் கோடை பை-லயே கம்பைல் பண்ணப் பாத்தேன், மெமரி பத்தாம மூச்சு முட்டி நின்னுச்சு. சரின்னு லேப்டாப்ல பண்ணினா ரஸ்ட்டை எறக்கித் தர்ற ரஸ்ட்டப் கம்பைலரை மட்டும்தான் எறக்குது, துண்டுகளை ஒட்டி ஒரே ஃபைலாக்கற லிங்கரை நாமளா தேடணும். மழையும் மூடுபனியுமா நெட் வந்து வந்து போகுது, ஒரு டவுன்லோடு பாதில அறுந்தா திரும்ப மொதல்லேருந்து. எப்படியோ பை-யோட சிப் வகையான ஆர்முக்கு ரெடிமேடா கிடைச்ச லிங்கரை போட்டு, ஃபைலை பை-ல ஏத்தி ஓட்டினா ஒரே வரி, ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’. ரெண்டு ராத்திரி தலைய பிச்சுக்கிட்டு அப்பறம்தான் புரிஞ்சுது, பை ஜீரோவோட சிப் ஆர்ம் வி6, நான் போட்ட லிங்கர் கூட வந்த லைப்ரரியெல்லாம் வி7-க்கு கட்டினது.

ஜிக் ஒரே ஒரு டார் ஃபைல் (சுருக்கிக் கட்டின மூட்டை), சுமார் 45 எம்பி. பிரிச்ச எடத்துலேருந்தே ஓடும், இன்ஸ்டால்னு ஒண்ணு கிடையாது, லிங்கரும், லினக்ஸ் புரோகிராமுக்கு அடிப்படையான மஸ்ல் சி லைப்ரரியும் உள்ளயே இருக்கு. எதுக்கு கட்டணும்ங்கற டார்கெட்டுக்கு ஆர்ம் லினக்ஸ்னும் சிபியுக்கு பை-யோட சிப் பேரும் குடுத்தேன், வந்த ஃபைலை ஏத்தினேன், திரைல ‘1875’னு வந்துச்சு. அதாவது 1.875 டிகிரி, லினக்ஸ் சென்சார் அளவை டிகிரில ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குலதான் குடுக்கும். (என் சென்சார் கரண்ட் வந்த உடனே 85 டிகிரினு காட்டும், அதை நம்பக்கூடாது, தள்ளிடணும்.)

பராமரிப்புல ஜிக் வலிக்கும், அதை மறைக்கல. 2023 ஆகஸ்ட்ல 0.11 வந்தப்ப ஃபார் லூப் எழுதற விதம் மாறிச்சு, முழு எண்ணை வேற அளவுக்கு மாத்தற இன்ட் காஸ்ட் மாறிச்சு, என் 300 வரில பாதிக்கு மேல செவப்பு. ரஸ்ட்ல 2015 எடிஷன்ல (மொழியோட அந்த வருஷ வடிவம்) எழுதினது இன்னைக்கும் கம்பைல் ஆகும். ஆனா ஜிக்ல கம்பைலரையே கோடு பக்கத்துல பத்திரப்படுத்தலாம்: சித்தப்பா வீட்டு அலமாரில ஒரு பென்டிரைவ் இருக்கு, அதுல 0.10 டார் ஃபைலும் என் சோர்ஸும், நெட்டே இல்லாம அங்கயே கட்டிடலாம். ரஸ்ட்லயும் பழைய வெர்ஷனை வச்சுக்கலாம், லைப்ரரியெல்லாம் வெண்டர் பண்ணலாம் (கோடு கூடவே நகல் வச்சுக்கலாம்), ஆனா அதை ஒவ்வொண்ணா சேத்து வைக்கணும்.

நான் ஜிக்ல எழுதினது இந்த ஒரு சின்ன புரோகிராம்தான். நாலு பேர் சேந்து வருஷக்கணக்கா பண்ற வேலைன்னா ரஸ்ட்டே எடுங்க, லிங்கருக்கு மட்டும் ஜிக்கை வச்சுக்க கார்கோ ஜிக்பில்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் நல்ல வழி. ஜிக்லயே எறங்கறவங்க, பாக்கற பாடம் எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு மொதல்ல பாத்துட்டு அதே வெர்ஷன் கம்பைலரை எறக்குங்க, 0.15ல திரைல ஒரு வரி எழுதற முறையே மாறிடுச்சு, பழைய பாடம் அப்படியே அடிச்சா ஓடாது.