அட்ரினல் கட்டி என்று சொல்லி ஊசி குத்த அட்வான்ஸ் கேட்டால், கொஞ்சம் நில்லுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஆட்கள் கண்டிப்பாகப் படிக்கவும். என் அம்மாவுக்கு நடந்தது இது.

இடுப்பு வலி, கல்லாக இருக்கும் என்று பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து ஏற்றாத சாதா சிடி எடுத்தார்கள். கல் சின்னது, தானே போய்விட்டது. ஆனால் இடது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 2.3 செ.மீ. கட்டி. "ஒரு முழயுண்டு, கேன்சர் ஆகாம்" என்றார் சர்ஜன். கட்டியைத்தான் மலையாளத்தில் முழ என்பார்கள், "ஆகாம்" என்றால் இருக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டபின் அம்மா இரண்டு நாள் சோறு தொடவில்லை.

பெட் ஸ்கேன், ஊசி பயாப்ஸி (கட்டியில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்ப்பது), அப்புறம் ஆபரேஷன் என்று வரிசையாக எழுதினார். ஹார்மோன் பரிசோதனை ஒன்றுகூட எழுதவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து 38,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம்.

பொள்ளாச்சி மாமா பையன் விடாப்பிடியாகக் கோவையில் ஒரு எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, பேனாவால் ஒரு வரியைக் காட்டினார்: 4 எச்.யு. கட்டியின் அடர்த்தியைச் சொல்லும் எண் அது. தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு மைனஸ். அடினோமா என்ற கேன்சர் இல்லாத சாதாரணக் கட்டியில் பெரும்பாலும் கொழுப்பு நிறைந்திருக்கும், அதனால் எண் இறங்கும். கட்டி ஒரே சீராக இருந்து, மருந்து ஏற்றாத சிடியில் 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேன்சர் என்று பயப்பட வேண்டாம் என்றார். 10-ஐத் தாண்டினாலும் உடனே கேன்சர் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும். 20-க்கு மேலே, 4 செ.மீ.க்கும் பெரிது என்றால் தள்ளிப்போடவே கூடாது.

எனக்கு ஆத்திரம் அந்த ஊசி மேல்தான். பிபியை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஒரு வகைக் கட்டி உண்டு. அதில் தெரியாமல் குத்தினால் பிபி எகிறி உயிரே போகலாம். அதனால் எண் 10-ஐத் தாண்டிய கட்டிக்கு முதலில் அதைக் கண்டுபிடிக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்தாக வேண்டும். போதாததற்கு, அடினோமாவா அட்ரினல் கேன்சரா என்று ஊசியில் எடுத்த துணுக்கை வைத்து உறுதியாகப் பிரிப்பதும் கஷ்டமாம்.

கட்டி ஹார்மோனை அதிகம் சுரக்கிறதா என்று பார்க்கக் கோவை டாக்டர் அம்மாவுக்கு எழுதியது இவ்வளவுதான்: இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு, காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால். 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குள் இருக்க வேண்டும், 1.1 வந்தது. பிபி இருப்பதால் பிபியோடு சம்பந்தப்பட்ட ஆல்டோஸ்டிரோன், ரெனின் அளவும் பார்த்தார்கள், அதுவும் சரி.

பயாப்ஸிக்குக் கட்டிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை நடந்துவிட்டேன், தரவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எச்.யு. எண் இல்லையென்றால் ஸ்கேன் சென்டரிலேயே கேளுங்கள். மருந்து ஏற்றாமல் எடுத்த படமாக இருந்தால் அதிலேயே அளந்து எழுதித் தர முடியும், இன்னொரு ஸ்கேன் தேவையில்லை.