மாதம் இரண்டு முறை ஓடும் காருக்கு எந்த இன்சூரன்ஸ்?

எங்கள் வீட்டுக் கார் 2019-ல் வாங்கியது. இன்னும் 17,000 கிலோமீட்டரைத் தொடவில்லை. அலுவலகத்துக்கு மின்சார ரயில், காய்கறிக்கு ஸ்கூட்டர். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக, வருஷத்துக்கு ஒரு தடவை திருவண்ணாமலை, முகூர்த்த நாளில் தாம்பரம் தாண்டி ஏதாவது ஒரு மண்டபம், அவ்வளவுதான் அதற்கு வேலை. மீதி நாளெல்லாம் மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் தரைத்தளத் தூண்களுக்கு நடுவே தூசியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லும் மெசேஜ் மட்டும் வருஷம் தவறாமல் வந்துவிடும்.

ஓடாத வண்டிக்கு எதற்கு முழுக் காசு என்று மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் புலம்பினேன். "வண்டி ஓடலைன்னா என்ன சார், தண்ணி ஓடி வருமே" என்றார். கமிஷனுக்காகப் பேசுகிறார் என்று அப்போது நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பது தெரிந்தது.

முதலில் நாம் கட்டும் தொகை எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிடலாம். பாலிசித் தாளில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று தேர்டு பார்ட்டி: நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் உயிர்ச்சேதம், காயம், பொருள் சேதத்துக்கு. இதன் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 அன்று அமலான பட்டியல்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கும் மேலே 7,897 ரூபாய். இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் ஐம்பதாயிரம் ஓட்டினாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது. எந்தக் கம்பெனியிலும் பேரம் கிடையாது.

இரண்டாவது ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கு. 2007-லிருந்து இதன் விலையைக் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. "குறைவா ஓட்டுறீங்களா, குறைவா கட்டுங்க" என்று வரும் விளம்பரம் எல்லாம் இந்தப் பகுதியைப் பற்றித்தான். பழைய கட்டணப் பட்டியலில் சென்னை ‘ஏ’ மண்டலம். மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் எல்லாம் அதே வரிசை. சென்னை ஆர்டிஓவில் பதிந்த வண்டிக்கு வெளியூர் வண்டியைவிடச் சற்றுக் கூடுதல் விகிதம் வந்தது அதனால்தான்.

என் வண்டிக்கு வந்த கொட்டேஷனை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். 1197 சிசி, ஐடிவி (வண்டிக்குக் கம்பெனி போடும் மதிப்பு) மூன்றரை லட்சம். ஓன் டேமேஜ் 6,000 ரூபாய். ஐந்து வருஷமாகக் கிளெய்மே போடாததால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம், ஆக 3,000. தேர்டு பார்ட்டி 3,416. ஜிஎஸ்டியோடு மொத்தம் 7,571 ரூபாய். உரிமையாளருக்கான பதினைந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டை இதில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு வேறு எங்காவது தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் இங்கே மறுபடி எடுக்க வேண்டாம். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு பாலிசியிலும் இதற்குப் பணம் போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

சரி, எந்த வகை பாலிசி என்ற போட்டிக்கு வருவோம்.

தேர்டு பார்ட்டி மட்டும்

இருப்பதிலேயே மலிவானது இதுதான். என் காருக்கு ஜிஎஸ்டி சேர்த்து 4,031 ரூபாய். சட்டம் கேட்பதும் இவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவுப்படி இதுகூட இல்லாமல் பொது இடத்தில் வண்டி எடுக்கக் கூடாது. மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் இரண்டு பகுதியும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு? 3,540 ரூபாய். மாதத்துக்கு 295. அந்த 295 ரூபாயை மிச்சம் பிடிக்க மூன்றரை லட்ச ரூபாய் வண்டியை வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் திறந்துவிட வேண்டும். ஓட்டுகிறவருக்கு விபத்துதான் பெரிய பயம். நிறுத்தியே வைத்திருப்பவருக்கு மழை, சாய்ந்து விழும் மரம், வயரைக் கடிக்கும் எலி, ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டுப் பேசாமல் போகும் பக்கத்து ஃபிளாட்காரர். இதில் எதற்கும் தேர்டு பார்ட்டி பாலிசி காசு தராது. (எலிக்கு ஃபுல் இன்சூரன்ஸிலும் பாலிசிக்குப் பாலிசி பதில் மாறும்.)

பன்னிரண்டு, பதிமூன்று வயதான வண்டி, விற்றால் ஒரு லட்சம்கூடத் தேறாது, வீடும் மேடான தெருவில் இருக்கிறது என்றால் இதையே எடுக்கலாம், தப்பில்லை. மழைக்குத் தண்ணீர் ஏறும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் நிற்கும் நல்ல வண்டிக்கு வேண்டவே வேண்டாம் என்பேன்.

இங்கே இன்னொரு ‘தள்ளுபடி’யும் கண்ணில் படும். அடுத்தவர் பொருளுக்கு ஏழரை லட்சம் வரை இருக்கும் காப்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் குறையும். அண்ணா சாலை சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியின் டெயில் லைட் விலையை ஒரு தடவை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபுல் இன்சூரன்ஸ், பழைய முறையில்

குறைவாக ஓட்டுகிறவரின் சொத்து நோ கிளெய்ம் போனஸ்தான். முதல் வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. இது வண்டியோடு போவதில்லை, ஆளோடு போகிறது. கம்பெனி மாற்றினாலும் கூடவே வரும். பம்பரில் சின்னக் கீறலுக்கு இரண்டாயிரம் ரூபாய் கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் அந்த 50 சதவீதம் பறந்துவிடும். என் கணக்கில் அது ஜிஎஸ்டியோடு 3,540 ரூபாய், ஒரு வருஷத்துக்கு மட்டும். மறுபடி ஏறி வர ஐந்து வருஷம். சின்னச் செலவைக் கைக்காசில் முடித்துக்கொள்வதுதான் லாபம்.

போனஸைப் பலர் கிளெய்ம் போட்டு இழப்பதில்லை, மறந்துபோய் இழக்கிறார்கள். தினம் எடுக்காத வண்டி, தேதி போனது யாருக்கும் தெரியாது. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் பூஜ்யம். பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகும் நங்கநல்லூர், மயிலாப்பூர்ப் பெரியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. விசா, டிக்கெட் பார்க்கும் கையோடு பாலிசித் தேதியையும் பார்த்துவிடுவது நல்லது.

சேதத்தில் முதல் சில ஆயிரத்தை நானே ஏற்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் ஒரு கழிவு உண்டு. பழைய பட்டியலில் 2,500 ரூபாய் ஏற்றால் 20 சதவீதம், ஆனால் அதிகபட்சம் 750 ரூபாய்தான். போனஸ் கழிந்த பிறகு அதுவும் பாதியாகிவிடும். எனக்கு இது ஒப்பவில்லை. சிறு கிளெய்மே போடப்போவதில்லை என்ற உறுதி இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம். அண்ணா சாலையில் இருக்கும் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் 5 சதவீதக் கழிவு என்பார்கள், பழைய பட்டியலில் அதற்கு உச்சவரம்பு 200 ரூபாய். இதற்காகவே போய் உறுப்பினராக வேண்டியதில்லை.

கிலோமீட்டர் கணக்கில் கட்டுவது

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் இதற்கு அனுமதி கொடுத்தது. அரசுத் துறையில் நியூ இந்தியா, தனியாரில் கோ டிஜிட், ஐசிஐசிஐ லம்பார்டு என்று பலரிடம் ஏதாவது ஒரு வடிவத்தில் கிடைக்கிறது. வருஷத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்லி ஒரு படியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது குறைவாக ஓட்டியதற்குப் புதுப்பிக்கும்போது கழிவு வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடோமீட்டரைப் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்.

விளம்பரத்தில் பெரிய பெரிய சதவீதம் தெரியும். அது எதன்மேல் என்பதுதான் விஷயம். என் 6,000 ரூபாய் ஓன் டேமேஜில் 20 சதவீதம் குறைத்தால் 1,200 ரூபாய் மிச்சம். ஆனால் பாதி போனஸில் போய்விடுவதால் கைக்கு வருவது 600, ஜிஎஸ்டியோடு 708. போனஸே இல்லாத புது வண்டிக்காரருக்கு அதே 20 சதவீதம் 1,416 ரூபாய். ஆக இது அதிகம் உதவுவது, விலை உயர்ந்த புது வண்டியை வாங்கிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஓஎம்ஆர் ஐடிக்காரருக்கு. பத்து வருஷமாகக் கிளெய்ம் போடாத ஓய்வுபெற்றவருக்கு வருவது சில்லறை.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள். தேர்டு பார்ட்டி காப்பு எப்படியும் தொடரும். ஓன் டேமேஜுக்குத்தான் நிபந்தனை. சிலர் கூடுதல் கிலோமீட்டர் வாங்கிப் போட்டுக்கொள்ள விடுகிறார்கள், சிலர் கிளெய்ம் தொகையைக் குறைக்கிறார்கள். ஒரே ஒரு கன்னியாகுமரிப் பயணம் போக வர 1,400 கிலோமீட்டர். ஓட்டுவது குறைவு என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இதே அனுமதியில் ‘எப்படி ஓட்டுகிறீர்களோ அப்படிக் கட்டணம்’ என்றும் ஒன்று வந்தது. திடீர் பிரேக்கை எண்ணுவார்கள். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் போகும் சென்னைக்காரர் அதில் பாஸாவது கஷ்டம்.

ஆன், ஆஃப் செய்யும் பாலிசி

எடெல்வைஸ் ஜெனரல் 2020-ல் ‘சுவிட்ச்’ என்ற பெயரில் சோதனையாகக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனிதான் இப்போது ஜூனோ. வண்டி எடுக்கும் நாளில் செயலியில் ஆன் செய்ய வேண்டும், நிற்கும் நாளில் ஆஃப். ஆஃப் ஆக இருந்தாலும் தீ, திருட்டுக்குக் காப்பு உண்டு. யோசனை கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்றால் நான் சாவியைத்தான் தேடுவேன், போனில் செயலியைத் தேட மாட்டேன். இந்த மாதிரி எதை எடுத்தாலும் ‘ஆஃப் ஆக இருக்கும்போது வெள்ளம் வந்தால்?’ என்ற ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் அந்தப் பதில்தான் பாலிசியே.

விற்றுவிடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், மனசு கேட்டால். மெட்ரோவும் கால் டாக்சியும் போதும் என்பவர்கள் வண்டியை விற்கும்போது போனஸை மட்டும் விட்டுவிட வேண்டாம். கம்பெனியிடம் அதற்கு ஒரு கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அது செல்லும். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தபோது அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

நான் எடுத்தது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முந்தின ராத்திரி, வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய கூட்டத்தில் நானும் ஒருவன். எதிர் ஃபிளாட்காரர் வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று அவர் சாவியைத் திருகினார். இன்ஜினுக்குள் போயிருந்த தண்ணீரில் கனெக்டிங் ராடு வளைந்தது. அவரிடம் இருந்தது ஃபுல் இன்சூரன்ஸ்தான். ஆனால் சீட், வயரிங்குக்குப் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் தொடர்விளைவு, அதைச் சாதாரண பாலிசி ஏற்காது என்றார் சேதத்தைக் கணக்கிட வந்த சர்வேயர். அதற்கு இன்ஜின் புரொடெக்ஷன் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அது இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியைத் திருகாமல் டோ வண்டியை வரவழைப்பதுதான் புத்தி.

அதனால் இந்த வருஷம் ஃபுல் இன்சூரன்ஸ், அதில் கிலோமீட்டர் திட்டத்தின் மிகக் குறைந்த படி, கூடவே இன்ஜின் புரொடெக்ஷன். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு இதைத் தர எல்லோரும் முன்வருவதில்லை, மூன்று இடம் விசாரிக்க வேண்டியிருந்தது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ‘பம்பர் டு பம்பரை’ விட்டுவிட்டேன். பழைய வண்டிக்கு அதன் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

பணம் கட்டும் முன் ஓடோமீட்டரை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கீழே போய்ச் சாவியைத் திருகினேன். டேஷ்போர்டில் ஒரு வெளிச்சம் இல்லை. மூன்று வாரமாக எடுக்காததால் பேட்டரி படுத்துவிட்டது. மெக்கானிக் பையன் வந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்துவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். 708-ல் மிச்சம் 308.