சாட்ஸ்வர்த் சிபிஆர் வகுப்பு: போகலாம், ஆனால் சீக்கிரமாகப் போங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி) வகுப்புக்குத் தயங்காமல் போகலாம், ஆனால் அழுத்திப் பழகும் பொம்மைகள் குறைவு, தாமதமாக வந்தவர்கள் பாதி நேரம் வேடிக்கைதான் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்த அம்மா ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் பொம்மை 'டக்' என்கிறது. இரண்டு நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, ஆளை மாற்றச் சொல்வது அதனால்தான்.

எனக்குப் பிடித்தது மூளையைப் பற்றிய பகுதி. இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை கெட ஆரம்பித்துவிடும். நாம் எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், அதனால் நடுவில் கையை எடுக்கவே கூடாது. ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவிக்கு நாடித்துடிப்பு வேண்டும், இந்த நேரத்தில் அதை நம்ப முடியாது. அதற்குப் பதில் சில மருத்துவமனைகளில் நெற்றியில் ஒரு சென்சாரை ஒட்டி, அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை உள்ளே செலுத்தி மூளையின் ஆக்ஸிஜனை அளக்கிறார்கள். அளவு ஏறிக்கொண்டே போனால் இதயம் மறுபடி துடிக்க வாய்ப்பு அதிகமாம். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முயற்சியை நிறுத்திவிட முடியாது என்றும் சொன்னார், நல்லவேளை.

சமோசா பிரமாதம், டீ சுமார். ஆம்புலன்ஸுக்கான 10177 எண்ணை எல்லோர் போனிலும் பதிய வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.