'சீல் உடைக்காத' டாங்கி கிட்: மட்டக்களப்பு, அம்பாறையில் வாங்குவோர் கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் 1/35 அளவில் (அசலின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) பாகங்களை ஒட்டி டாங்கி, பீரங்கி மாடல் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். முகநூலில் "ஜப்பான் ஒரிஜினல், சீல் உடைக்கவில்லை" என்று விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் விலை பேசி, காசை வங்கிக்குப் போடச் சொல்லி, கூரியரில் அனுப்புகிற ஒருவரிடம் நாங்கள் வாங்கியவை: ஒரு டைகர் 1 (ஜெர்மன் டாங்கி) கிட், ஒரு பிரித்தானிய 25 பவுண்டர் பீரங்கி, ஆறு போத்தல் பெயின்ட், ஒரு போத்தல் தின்னர். எல்லாமாக 46,000 ரூபாய். அதில் உருப்படியாக வந்தது பெட்டி மூடிகள் மட்டும்தான்.

பெட்டியைச் சுற்றிப் பொலித்தீன் இறுக்கமாக இருந்தது. அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். ஹீட் கன் வைத்திருக்கிற யாரும் அதைச் சுற்றலாம். பல கிட்கள் கம்பனியிலிருந்தே வெளியில் எதுவும் சுற்றாமல் வரும். பார்க்க வேண்டியது உள்ளே ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டம்) இருக்கிற பைகளின் வாயை. இங்கே ஸ்டேப்ளர் கம்பி அடித்திருந்தது. கம்பி மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். பக்கத்தில் பழைய கம்பி ஏறி இறங்கிய இரண்டு ஓட்டைகளும் இருந்தன, அதாவது பையை முன்பே திறந்திருக்கிறார்கள்.

டைகரில் முதலில் சில்லை எண்ணுங்கள். முற்பட்ட வகையில் ஒரு பக்கம் எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சில்லு, இரண்டு பக்கமும் 48. 1944 இல் வந்த இரும்பு விளிம்புச் சில்லு வகைக்கு அச்சுக்கு இரண்டு, மொத்தம் 32. பெட்டிப் படத்தில் இருந்தது முற்பட்ட வகை. உள்ளே ஏழு சில்லு குறைவு. ஸ்ப்ரூவில் அவற்றைக் கத்தியால் வெட்டி எடுத்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. தானாக உடைந்து விழுந்த பாகம் என்றால் பைக்குள்ளேயே கிடக்கும். இது யாரோ வேறு மாடலுக்குக் கழற்றியது.

இதைவிட மோசம் சங்கிலி. கறுப்பு வினைல் சங்கிலியைப் பையில் போடாமல் உடற்பகுதிக்கு மேலேயே சுருட்டி வைத்திருக்கிறார். வினைலை மெதுவாக வைத்திருக்கச் சேர்க்கிற பிளாஸ்டிசைசர் நாள்போக்கில் வெளியே கசியும், கிட்டின் பிளாஸ்டிக்கான பொலிஸ்டைரீன் அதில் இளகும். கச்சான் காற்றடிக்கிற சூட்டுக் காலத்தில் தகரத்துக்குக் கீழே பெட்டி கிடந்தால் அது இன்னும் கெதியாக நடக்கும். பக்கத் தகட்டில் சங்கிலிப் பல்லின் அச்சு அப்படியே பதிந்து, தொட்டால் பிசுபிசுத்தது. இப்படி வந்தால் அதன் மேலே புட்டி பூச வேண்டாம், பிடிக்காது. இளகிய படையைக் கத்தியால் சுரண்டி, கடினமான பிளாஸ்டிக் வந்த பிறகு நிரப்புங்கள். சங்கிலிக்குத் தனித்தனி இணைப்பாக வரும் பிளாஸ்டிக் செட் வாங்குவது நல்லது. டைகருக்கு ஒரு பக்கம் 96 இணைப்பு. அதற்குக் குறைந்த செட்டை "சரிவரும்" என்று விற்றால் நம்ப வேண்டாம்.

டீகல் தாள் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டுகிற இலக்கம், சின்னங்கள்) மஞ்சளாகியிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டி வெயில் காட்டினால் மஞ்சள் குறையும், அது பிரச்சினை இல்லை. வெடிப்புத்தான் பிரச்சினை. தேவையில்லாத ஒரு இலக்கத்தை வெட்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால், மீதித் தாள் முழுவதற்கும் மினுக்கமான கிளியர் லாக்கர் மெல்லியதாக அடித்து, காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். மாரி காலத்தில் வெளியில் நின்று அடித்தால் ஈரத்துக்கு லாக்கர் வெள்ளை பூக்கும்.

25 பவுண்டர்தான் சுத்த ஏமாற்று. பெட்டி பிளாஸ்டிக் கிட்டின் பெட்டி. உள்ளே இருந்தது யாரோ வீட்டில் சிலிக்கன் அச்செடுத்து வார்த்த ரெசின். கேட்டதற்கு, "ரெசின் என்றால் விலை கூடிய சாமான், உங்களுக்கு லாபம்" என்று பதில். நல்ல ரெசின் கிட்டுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. இது அதன் நகலின் நகல். நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சற்றுச் சுருங்கும், அதனால் ஒரு பாகம் இன்னொன்றில் பொருந்தாது. அசல் பீரங்கியின் வாய் 87.6 மில்லிமீற்றர், 1/35 இல் இரண்டரை மில்லிமீற்றர் துவாரம் இருக்க வேண்டும். இங்கே துவாரமே அடைந்திருந்தது. குழல் வாழைப்பழம் மாதிரி வளைவு. அதைச் சுடுதண்ணீரில் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் இந்தப் பீரங்கியின் அடையாளமே அடியில் வரும் வட்டத் தளம். சுற்றித் திருப்பிச் சுடுவதற்காகப் பீரங்கியை அதன் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். அது முறுகி, காற்றுக் குமிழி ஓட்டைகளோடு வந்திருக்கிறது. ஒரு சில்லு தளத்தில் இருந்தால் மற்றது அந்தரத்தில் நிற்கிறது. இதைத் திருத்தப் போவதைவிடப் புதிதாகச் செய்வது லேசு.

பிளாஸ்டிக்கா ரெசினா என்று தெரிய, மறைவான இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பசை ஒரு சொட்டு விடுங்கள். பொலிஸ்டைரீன் பளபளத்து இளகும், ரெசின் அசையாது. ரெசினைத் தேய்ப்பதென்றால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மாஸ்க் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கூடாது.

பெயின்ட் போத்தல்களில் டமியா கம்பனியின் எக்ஸ்எஃப்-62 ஒலிவ் ட்ரப் என்ற லேபல், எக்ஸ்எஃப் என்பது அக்ரிலிக் வகை. மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் வாசம் வர வேண்டும். வந்தது சுவர் பெயின்ட் வாசம். ஒரு சொட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் கலக்கிப் பாருங்கள்: உண்மையான எக்ஸ்எஃப் சீராகக் கரையும், சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் தயிர் திரைந்ததுபோல் கட்டியாகும். அதை ஏர்பிரஷில் ஊற்றினால் அதன் 0.3 மில்லிமீற்றர் நொசில் (நுனித் துவாரம்) அடைத்துக்கொள்ளும். தின்னர் போத்தலில் எக்ஸ்-20ஏ (டமியாவின் அக்ரிலிக் தின்னர்) என்று இருந்தது, உள்ளே ஹார்ட்வெயார் கடை தின்னர். அதை மிச்ச ஸ்ப்ரூவில் ஒரு சொட்டு விட்டவுடனே பிளாஸ்டிக் ஒட்டத் தொடங்கியது. எக்ஸ்-20ஏ அப்படிச் செய்யாது. இந்தச் சோதனை செய்யாமல் எந்த தின்னரையும் மாடலில் படவிட வேண்டாம். ஏ இல்லாத வெறும் எக்ஸ்-20 எனாமலுக்கானது, அக்ரிலிக்கில் சேர்த்தால் அதுவும் கெடும்.

அதே ஆள் 1/48 டைகரையும் 1/35 என்று போட்டிருக்கிறார். குழலோடு அசல் நீளம் 8.45 மீற்றர். 1/35 என்றால் 24 சென்ரிமீற்றர், 1/48 என்றால் பதினேழரை. காசு போட முதல் அடிமட்டம் வைத்துப் படம் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் தனித்தனியாக விரித்து, பக்கத்தில் அன்றைய திகதி எழுதிய கடதாசியோடு எடுக்கச் சொல்லுங்கள். "சீல் உடைந்துவிடும்" என்று மறுத்தால் நேரில் கைமாற்ற வரச் சொல்லுங்கள், அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள். கூரியரில் பொருள் வந்த பிறகு காசு கொடுக்கிற முறையும் காப்பாற்றாது, காசு வாங்காமல் பெட்டியைத் திறக்க விடுவதில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதும் "நீங்கள்தான் பெட்டியை உடைத்தீர்கள்" என்று சொல்லி இலக்கத்தை பிளொக் பண்ணிவிட்டார். இப்படி அகப்பட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பற்றுச்சீட்டு, கூரியர் உறை எல்லாம் சேர்த்து வையுங்கள். உறையில் அனுப்பியவர் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கில் பெயர் வேறு. இரண்டையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.