ஒரே அளவு, இரு விதி: 1962 பிளிமத்தும் ஃபோர்டு ஃபேர்லேனும்

1962ஆம் ஆண்டு மாடல்களாக வந்த பிளிமத், ஃபோர்டு ஃபேர்லேன் ஆகிய இரு அமெரிக்கக் கார்களின் சக்கர இடைவெளியும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஏறத்தாழ ஒன்றே: முன்னதற்கு 116 அங்குலம், பின்னதற்கு 115.5. ஆயினும் ஃபேர்லேன் அந்த ஆண்டில் மூன்று லட்சத்தை நெருங்கி விற்க, பிளிமத் சரிந்தது.

காரணம் அளவில் இல்லை. அந்த அளவு எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்பதில்தான் இருந்தது. ஃபோர்டு தன் பெரிய கேலக்ஸியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் சிறிய ஃபால்கனுக்கும் நடுவே ஃபேர்லேனைப் புதிதாக நுழைத்தது. பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லரோ, செவ்ரோலெட் தன் பெரிய காரைச் சுருக்கப்போகிறது என்ற செய்தியை நம்பி, பெரிய பிளிமத்தையே அவசரமாகச் சுருக்கியது. செவ்ரோலெட் உண்மையில் கொண்டுவந்தது செவி 2 என்ற தனிச் சிறு கார். ஆக, செவ்ரோலெட்டின் பெரிய காரான இம்பாலாவை வாங்கும் எண்ணத்தில் இருந்தவருக்கு, அதே வகுப்பில் வைக்கப்பட்ட பிளிமத் குறைப்பட்ட பண்டமாகத் தெரிந்தது.

தோற்றமும் கைகொடுக்கவில்லை. பெரிய உடலுக்கென, கிரைஸ்லரின் வடிவமைப்புத் தலைவர் வெர்ஜில் எக்ஸ்னரின் குழு வரைந்த வளைவுகள், குறுகிய உடலில் நெருக்கியடித்து நின்றன. ஃபேர்லேனின் கோடுகள் சாதுவானவை, சலிப்பூட்டுபவை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் யாரையும் விரட்டவில்லை. பொறியியலில் மட்டும் என் வாக்கு பிளிமத்துக்கே: எடை குறைந்த அந்த உடலில் 413 கன அங்குல எஞ்சினைப் பொருத்தியவர்கள் டிராக் (drag) எனப்படும் நேர்கோட்டு வேகப் பந்தயங்களில் வென்றார்கள்.

இதே தவற்றில் சிக்கிய, கிரைஸ்லரின் மற்றொரு பிராண்டான டாட்ஜ், கிரைஸ்லர் நியூபோர்ட்டின் உடலில் தன் 1961 முகப்பை ஒட்டி, மாடல் ஆண்டின் நடுவிலேயே கஸ்டம் 880 என்ற பெரிய காரை இறக்கியது. பிளிமத் முகவர்களுக்கு அந்த வாய்ப்பும் தரப்படவில்லை.