வின்செஸ்டரும் ஈட்டனும்
இங்கிலாந்தின் இந்த இரு பழம்பெரும் பள்ளிகளில் ஈட்டனின் பெயரே உலகெங்கும் ஒலித்தாலும், வயதில் மூத்தது வின்செஸ்டர்தான். பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் 1382-இல் 70 ஏழை மாணவர்களுக்காக அதை நிறுவி, அங்கே தேறியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் தாம் தொடங்கியிருந்த நியூ காலேஜுக்குச் செல்ல வழி செய்தார். இந்த ஏற்பாட்டை நேரில் பார்த்து வியந்த ஆறாம் ஹென்றி மன்னர், 1440-இல் ஈட்டனையும் மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜையும் நிறுவினார். மாணவர் எண்ணிக்கையைக்கூட அதே 70 என்றே வைத்ததுடன், வின்செஸ்டரின் தலைமையாசிரியர் வெய்ன்ஃப்ளீட்டையும் ஈட்டனுக்கு அழைத்துக்கொண்டார். 1461-இல் ஹென்றி அரியணை இழந்ததும் பணம் வற்றியது. பெருந்தேவாலயமாக எழும்பவிருந்த ஈட்டனின் ஆலயம் திட்டமிட்ட நீளத்தை எட்டாமலே நின்றுபோனது.

இன்றைய ஈட்டன், கறுப்பு வால்கோட்டு அணிந்த ஏறத்தாழ 1,300 மாணவர்களும் அங்கே படித்த 20 பிரிட்டிஷ் பிரதமர்களின் பட்டியலும் கொண்டு, அதிகாரத்தோடு இயல்பாகப் பழகும் பள்ளி. ஏறக்குறைய அதில் பாதியளவே உள்ள வின்செஸ்டருக்கு, ரிஷி சுனக் அங்கே படித்தவர் என்றாலும், அறிவுத்தேடலே அடையாளம்; தேர்வுக்கு உட்படாத 'டிவ்' என்னும் வகுப்பில் வரலாறும் இலக்கியமும் தத்துவமும் பேசப்படுகின்றன.

வின்செஸ்டரின் சமையலறைக்கு அருகே தொங்கும் 'நம்பகமான ஊழியன்' ஓவியத்தில் பன்றி மூஞ்சிக்குப் பூட்டு, கழுதைக் காதுகள், மான் கால்கள்! இத்தகைய குறும்பை ஈட்டனின் மிடுக்கில் நான் காணவில்லை. வின்செஸ்டர் 2022 முதல் மேல்நிலை வகுப்புகளில் மாணவிகளையும் சேர்க்கிறது. ஈட்டனோ ஆண்கள் பள்ளியாகவே நீடிக்கிறது.