திறந்த மூல உரிமங்களோடு வர்த்தக மென்பொருள்: கொழும்பிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வெள்ளவத்தையில் உள்ள சிறிய மென்பொருள் நிறுவனமொன்றில், பல ஆண்டுகளாகத் திறந்த மூல மென்பொருள்களை (மூலநிரல், அதாவது நிரலர் எழுதிய வரிகள், எவரும் பார்த்து மாற்றக்கூடியதாக உரிமத்தோடு வெளியிடப்படுபவை) கொண்டே வர்த்தகத் திட்டங்களைச் செய்து கொடுத்து வருகிறோம். "இலவசம்தானே, எடுத்துப் போடுங்கள்" என்பது வாடிக்கையாளர் பலரின் எண்ணம். உரிமத்தைச் சரிபார்க்கும் நேரத்துக்கு அவர்களிடம் காசு கேட்பதுதான் கடினம்.

எம்ஐடி, அப்பாச்சி 2.0 ஆகிய தாராளமான உரிமங்களால் எங்கள் வேலை தடைப்பட்டதில்லை. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் சேர்த்துக் கொடுப்பதே அவற்றின் முக்கிய நிபந்தனை. 2004இல் வெளியான அப்பாச்சி 2.0, பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) உரிமையையும் வெளிப்படையாக வழங்குவதால், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சட்டத்தரணிகள் அதைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனம், கொழும்பிலிருந்தே அந்த உரிமத்தில் தன் மென்பொருள்களை வெளியிட்டு உலகச் சந்தையில் வணிகம் செய்தது.

மூலநிரலையும் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தைப் பற்றிய அச்சத்தில் பாதி தேவையற்றது. அந்த உரிமத்தில் உள்ள மென்பொருளை விற்கவும் தடையில்லை. மென்பொருளைப் பிறர் கையில் கொடுக்கும்போதுதான் மூலநிரலைத் தரும் கடமை எழுகிறது. அதன் கடுமையான வடிவமான 2007இன் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்போ, மாற்றியமைத்த மென்பொருளை வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைப் பெறும் உரிமையை நீட்டுகிறது.

விலைப்பட்டியல் தயாரிக்கும் ஜாவா திட்டமொன்றில் இது நேராகவே குறுக்கிட்டது. பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கும் ஐடெக்ஸ்ட் என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு), 5ஆம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் அல்லது கட்டண உரிமத்தில்தான் கிடைக்கிறது. வாடிக்கையாளரோ மூலநிரலை வெளியிடவும் கட்டணம் செலுத்தவும் விரும்பவில்லை. ஆகவே, 4ஆம் பதிப்பிலிருந்து கிளைத்த, எங்கள் மூலநிரலையோ கட்டணத்தையோ கேட்காத ஓபன்பிடிஎஃப்புக்கு மாறினோம். லைப்ரரியை நிரலுக்குள் அழைக்கும் இம்போர்ட் வரிகளில் 'ஐடெக்ஸ்ட்பிடிஎஃப்' என்றிருந்ததை 'லோவாஜி' என மாற்றுவது சிறிய வேலை. அட்டவணைகளின் விளிம்புகளையும், தமிழ்ப் பெயர்களில் கொம்பு உரிய இடத்தில் விழுகிறதா என்பதையும் பக்கம் பக்கமாகப் பார்ப்பதிலேயே நேரம் போனது.

உரிமம் நடுவழியிலும் மாறலாம். 2024 மார்ச்சில், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள், எம்ஐடியைப் போன்ற தன் தாராளமான பிஎஸ்டி உரிமத்தைக் கைவிடப்போவதாக அறிவித்ததும், அதே மாதத்தில் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அதன் கிளையான வால்கீ பிறந்தது. (2025இல் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது.) புதிய நிபந்தனைகள் பெரும்பாலும் ரெடிஸையே சேவையாக விற்போரைக் குறிவைத்தவை, பழைய பதிப்புகளின் உரிமமும் பறிபோகவில்லை. எங்களைப் போன்றோர் பதறியிருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்தியதால் வால்கீக்கு மாறினோம். எங்கள் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை.

இப்போது புதிய லைப்ரரி எதையும் சேர்க்கும்போதே, அது இழுத்துவரும் துணை லைப்ரரிகளின் உரிமங்களையும் பில்ட் (நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் தானியங்கிப் படி) சோதிக்கிறது. ஏஜிபிஎல் தென்பட்டால் பில்ட் நின்றுவிடும். குழுத் தலைவர் பார்த்து அனுமதித்த பின்னரே தொடரும்.